லேக் ஷோர் 336 வெப்பநிலைக் கட்டுப்படுத்தி: பெட்டி நல்லதுதான், எந்த உணரியைச் செருகுகிறோம் என்பதே கேள்வி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், வெஸ்டர்வில் நகரிலிருந்து இயங்கும் லேக் ஷோர் கிரையோட்ரானிக்ஸ் நிறுவனத்தின் மாடல் 336, தாழ்வெப்பநிலை ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் கட்டுப்படுத்திகளுள் ஒன்று. நான்கு உணரிகளைப் படித்து, அவற்றில் விரும்பியதை ஆதாரமாகக் கொண்டு இரண்டு ஹீட்டர்களுக்கு மின்னோட்டம் கொடுத்து, கிரையோஸ்டாட் எனும் குளிர்கலத்துக்குள் இருக்கும் பொருளைக் கேட்ட வெப்பநிலையில் நிறுத்தி வைப்பது இதன் வேலை. அண்மை அகச்சிவப்புக் கேமரா ஒன்றின் டிடெக்டரை 77 கெல்வினை ஒட்டிய வெப்பநிலையில் பராமரிக்கும் பணியில் இதைத் தொடர்ந்து பயன்படுத்துபவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டி நம்பத்தக்கது, ஆனால் அதன் பின்புறத்தில் எந்த உணரியைச் செருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, அதே பெட்டி அரை மில்லிகெல்வின் மாற்றத்தைக் காட்டும் கருவியாகவும் இருக்கும், ஆறு மில்லிகெல்வினுக்குக் குறைந்த எதையும் காணாத கருவியாகவும் இருக்கும். வாங்குபவர்களில் பலர் பெட்டிக்குச் செலவிடும் யோசனையில் பத்தில் ஒரு பங்கைக்கூட உணரிக்குச் செலவிடுவதில்லை.

வானியலுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பதைச் சற்று விளக்க வேண்டும். 2.5 மைக்ரான் வரை உணரும் எச்2ஆர்ஜி (H2RG) வகை அகச்சிவப்பு டிடெக்டர்களை 80 கெல்வினை ஒட்டியோ அதற்குக் கீழோ குளிர்விப்பது வழக்கம். அந்தக் குளிரில்தான், ஒளி படாதபோதும் அவற்றில் ஓடும் இருள் மின்னோட்டம் அடங்குகிறது. இண்டியம் ஆன்டிமோனைடு டிடெக்டர்கள் இன்னும் ஆழமான குளிரைக் கேட்கும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியில் பயன்படுத்திய டிர்கேம்-2 கேமராவின் 512×512 டிடெக்டர், மூடிய சுழற்சி ஹீலியம் குளிரூட்டியால் 35 கெல்வினில் வைக்கப்படுகிறது. குளிர்வித்தால் மட்டும் போதாது, அந்தக் குளிர் நகராமலும் இருக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு பிக்சலின் அடிப்படை அளவும் வெப்பநிலையோடு சேர்ந்து நகர்கிறது. மங்கலான விண்மீன் பேரடை ஒன்றை மணிக்கணக்கில் படமெடுத்து அடுக்கும்போது, இரவின் தொடக்கத்தில் ஒளியை மூடி எடுத்த இருள் படம் இரவின் முடிவில் எடுத்த படத்துக்குப் பொருந்தாமல் போகும். இவற்றையெல்லாம்விடக் கடுமையான தேவை, விண்மீன்களின் ஆரத் திசைவேகத்தை (நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகத்தை) அளந்து கோள்களைத் தேடும் நிறமாலைமானிகளுடையது. டெக்சஸில் ஹாபி-எபர்லி தொலைநோக்கியோடு இயங்கும் ஹெச்பிஎஃப் நிறமாலைமானியில் ஒளியியல் அமைப்பு முழுவதும் 180 கெல்வினில், ஒரு மில்லிகெல்வினுக்கும் குறைவான ஏற்ற இறக்கத்தோடு வைக்கப்படுகிறது.

திரவ நைட்ரஜன் தொட்டியோடு டிடெக்டரை இணைத்துவிட்டால் அதுவே 77 கெல்வினில் நிற்குமே, கட்டுப்படுத்தி எதற்கு என்று புதிதாக வரும் மாணவர்கள் கேட்பது உண்டு. நைட்ரஜன் 77.36 கெல்வினில் கொதிப்பது கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மட்டுமே. 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹன்லேயில் அது ஏறக்குறைய 73 கெல்வினிலேயே கொதித்துவிடும். ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில்கூடக் கடல்மட்ட அளவைவிட அரை கெல்வினுக்கு மேல் இறங்கிவிடும். அதுவாவது நிலையான வேறுபாடு. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் கொதிநிலை சுமார் 8 முதல் 10 மில்லிகெல்வின் நகரும் என்பதுதான் உண்மையான தொல்லை. வெப்பமண்டலத்தில் புயலோ மழையோ இல்லாத தெளிந்த நாளிலும், காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவது இயல்பு, அந்த ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இருக்கும். ஆகவே கட்டுப்பாடு இல்லாத தொட்டியில் உட்கார்ந்திருக்கும் டிடெக்டர், வானிலை நன்றாக இருக்கும் இரவிலும் 20 மில்லிகெல்வின் அளவுக்கு அசைந்துகொண்டேயிருக்கும். தொட்டியின் வெப்பநிலையைவிடச் சில கெல்வின் மேலே ஓர் இலக்கை வைத்து, சிறிய ஹீட்டரால் அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டேயிருப்பதுதான் கட்டுப்படுத்தியின் பணி.

இனி பெட்டிக்கு வருவோம். நான்கு உள்ளீடுகளும் டையோடு, பிளாட்டினம், செர்னாக்ஸ் (லேக் ஷோரின் மெல்லேட்டு மின்தடை உணரி) போன்ற உணரிகளை நான்கு கம்பி முறையில், அதாவது மின்னோட்டத்துக்கு இரண்டும் மின்னழுத்தத்தை அளக்க இரண்டுமாகக் கம்பிகள் வைத்து, படிக்கின்றன. ஒவ்வொன்றும் நொடிக்கு பத்து முறை புதுப்பிக்கப்படுகிறது. பொருத்தமான உணரி இருந்தால் 300 மில்லிகெல்வின் வரை இறங்கலாம். முதல் ஹீட்டர் வெளியீடு 100 வாட் வரையிலும் இரண்டாவது 50 வாட் வரையிலும் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று திறன் வரம்புகள் உள்ளன, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பத்து மடங்கு வேறுபாடு. டிடெக்டர் தாங்கியை நிலைநிறுத்த ஒரு வாட்டுக்கும் குறைவான வெப்பமே தேவைப்படும் என்பதால் நாங்கள் எப்போதும் மிகக் குறைந்த வரம்பிலேயே இருக்கிறோம். 100 வாட் என்பது முழுக் கருவியையும் அறை வெப்பநிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும்போது மட்டும் பயன்படுகிறது. ஹீட்டருக்குச் செல்வது துண்டு துண்டான துடிப்பு அன்று, சீரான நேர் மின்னோட்டம் என்பது வானியல் கருவிகளுக்கு மிகவும் முக்கியம். தொழிற்சாலை உலைகளுக்கென்று விற்கும் மலிவான பிஐடி (விகிதம், தொகுப்பு, வகையீடு என்ற மூன்று எண்களால் ஹீட்டரைத் திருத்தும்) கட்டுப்படுத்திகள் ஹீட்டரைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்தே சராசரியை எட்டுகின்றன. சில மைக்ரோவோல்ட் குறிகைகளைப் படிக்கும் அகச்சிவப்பு டிடெக்டருக்கு அருகில் அப்படி ஒன்றை ஓட்டினால், படத்தில் கோடுகளாக அது தன் வருகையைப் பதிவு செய்யும்.

உணரியைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். இந்தக் கட்டுப்படுத்தியோடு பெரும்பாலோர் வாங்குவது டிடி-670 சிலிக்கான் டையோடு. 1.4 கெல்வின் முதல் 500 கெல்வின் வரை ஒரே உணரியால் அளக்கலாம், பொது அளவீட்டு வளைவு ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கிறது, 10 மைக்ரோஆம்பியர் கொடுத்தால் போதும், மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறு பொதியில் வருகிறது. இவ்வளவு வசதிகள் இருப்பதால், எல்லா இடத்திலும் டையோடையே ஒட்டிவிடும் பழக்கம் பல ஆய்வகங்களில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் 77 கெல்வினில் அந்த டையோடு, ஒரு கெல்வினுக்கு 1.73 மில்லிவோல்ட் மட்டுமே மாறுகிறது. அந்த உணர்திறனில் இந்தப் பெட்டி பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய மாற்றம் 5.8 மில்லிகெல்வின் என்றும், மின்னணுப் பகுதியின் கட்டுப்பாட்டு நிலைத்தன்மை ±11.6 மில்லிகெல்வின் என்றும், மின்னணுத் துல்லியம் ±76 மில்லிகெல்வின் என்றும் நிறுவனத்தின் விவரக்குறிப்பே வெளிப்படையாகச் சொல்கிறது. முகப்பில் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் தெரிவதைக் கண்டு மில்லிகெல்வினைக் கட்டுப்படுத்துவதாக எண்ணிக்கொள்வோர் இந்த வரியை ஒருமுறை படிக்க வேண்டும்.

அதே பெட்டியில் 100 ஓம் பிளாட்டினம் உணரியைப் பொருத்தினால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. 77 கெல்வினில் அதன் மின்தடை சுமார் 20 ஓம். ஒரு கெல்வினுக்கு 0.42 ஓம் மாறுகிறது. பிரித்தறியும் அளவு அரை மில்லிகெல்வினுக்கும், கட்டுப்பாட்டு நிலைத்தன்மை ஒரு மில்லிகெல்வின் அளவுக்கும், மின்னணுத் துல்லியம் சுமார் 10 மில்லிகெல்வினுக்கும் வந்துவிடுகின்றன. டையோடைவிடப் பத்து மடங்குக்கு மேல் நுண்ணிய பார்வை, அதுவும் மிகப் பழைய தொழில்நுட்பத்தில், கூடுதல் செலவு எதுவும் இல்லாமல். அரிதான, விலையுயர்ந்த செர்னாக்ஸ் உணரிகள் 4 கெல்வினில் ஈடு இணையற்றவை. அங்கே ஒரு மில்லிகெல்வினுக்கும் மிகக் குறைந்த மாற்றத்தை அவை காட்டும், காந்தப்புலத்திலும் கதிர்வீச்சிலும் அதிகம் தடுமாறுவதில்லை. ஆனால் 77 கெல்வினில் அவற்றின் உணர்திறன் குறைந்துவிடுவதால் பிளாட்டினமே முந்துகிறது. 30 கெல்வினுக்கு இறங்கினால் பிளாட்டினத்தின் உணர்திறன் பாதிக்கும் கீழே போய்விடும் என்பதால், இண்டியம் ஆன்டிமோனைடு டிடெக்டர் வைத்திருப்போர் செர்னாக்ஸ் பக்கம் போவதே சரி. நல்ல உணரி என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்த வெப்பநிலையில் நிற்கப்போகிறோம் என்பதை வைத்தே தேர்வு அமைய வேண்டும்.

பிளாட்டினத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை இந்தப் பெட்டி நன்றாகச் சமாளிக்கிறது. உணரியிலிருந்து வெளியே வரும் கம்பி, 77 கெல்வினிலிருந்து அறை வெப்பநிலை வரை பல இணைப்புகளைக் கடந்து வருகிறது. வெவ்வேறு உலோகங்கள் சேருமிடங்களில் வெப்ப வேறுபாட்டால் சிறு மின்னழுத்தங்கள் பிறக்கின்றன. ஒரு மில்லிஆம்பியரில் இயங்கும் பிளாட்டினத்துக்கு, வழியில் சேரும் ஒரே ஒரு மைக்ரோவோல்ட்டும் 2.4 மில்லிகெல்வின் பிழையாக மாறும். மாடல் 336 மின்னோட்டத்தை மாற்றி மாற்றி எதிர்த்திசையில் செலுத்தி, இரு அளவீடுகளின் வேறுபாட்டைக் கொண்டு இந்தப் பிழையை நீக்கிவிடுகிறது. டையோடு ஒரே திசையில்தான் கடத்தும் என்பதால் அதற்கு இந்த வசதி கிடைக்காது. அதைப் பெட்டியின் குறையாகச் சொல்ல முடியாது.

டையோடுக்கு இன்னொரு கெட்ட பழக்கம் இருக்கிறது: கம்பியில் ஏறும் உயர் அதிர்வெண் இரைச்சலை அது திருத்தி நேர் மின்னழுத்தமாக்கிவிடுகிறது, அதனால் உண்மையைவிடச் சூடாக இருப்பதாகக் காட்டும். எங்கள் கேமராவில் வடிகட்டிச் சக்கரத்தைச் சுழற்றும் ஸ்டெப்பர் மோட்டார் இயங்கத் தொடங்கியதும், டிடெக்டரைச் சூழ்ந்த வெப்பக் கவசத்தில் ஒட்டிய டையோடின் அளவீடு பல மில்லிகெல்வின் துள்ளி, மோட்டார் நின்றதும் பழைய இடத்துக்கே திரும்புவதையும், பக்கத்திலேயே உள்ள பிளாட்டினம் எதுவும் நடக்காததுபோல் இருப்பதையும் ஒரே திரையில் பார்க்கலாம். இரண்டு கிலோ செம்பு ஒரு நொடிக்குள் சூடாகி ஆறாது என்பதால், அந்தத் துள்ளல் வெப்பம் அன்று, வெறும் மின் இரைச்சல் என்பது தெளிவு. ஆனால் கட்டுப்படுத்திக்கு அது தெரியாது. அந்த டையோடைக் கட்டுப்பாட்டு உணரியாக வைத்திருந்தால், இல்லாத சூட்டைத் தணிக்க ஹீட்டரைக் குறைத்து, உண்மையிலேயே டிடெக்டரைக் குளிரவைத்துவிடும். கவசம், குளிர்த்தலை (குளிரூட்டியின் குளிர்விக்கும் பகுதி), வெற்றிடத்தில் எஞ்சும் வாயுவை உறிஞ்சும் கரிப் பொதி ஆகிய இடங்களுக்கு டையோடே போதும், சிறப்பும்கூட. டிடெக்டரின் கட்டுப்பாட்டு வளையத்தில் மட்டும் அதற்கு இடம் தரக் கூடாது.

எந்த உணரியானாலும் பொருத்தும் முறையில் பாதிச் சிறப்பு இருக்கிறது. உணரி தான் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தின் வெப்பநிலையையும், தன் கம்பிகளின் வெப்பநிலையையும் கலந்துதான் காட்டுகிறது. ஆகவே சாதாரணச் செம்புக் கம்பிக்குப் பதிலாக, 0.127 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாஸ்பர் வெண்கலக் கம்பியைப் பயன்படுத்துகிறோம். அதன் வெப்பக் கடத்தல் அந்தக் குளிரில் செம்பினுடையதில் இருபதில் ஒரு பங்கு அளவே இருக்கும். நான்கு கம்பிகளும் இரண்டிரண்டாக முறுக்கியபடி வந்து, உணரிக்குப் போகும் முன் அதே தாங்கியில் திருகிய சிறு செம்பு உருளையைப் பல சுற்று சுற்றி, அதன்மேல் வார்னிஷ் பூசி நிறுத்தப்படுகின்றன. கம்பியில் இறங்கி வரும் வெப்பம் அந்த உருளையிலேயே தங்கிவிட, உணரிக்குச் சுத்தமான செய்தி மட்டும் போய்ச் சேரும். உருளை வடிவப் பிளாட்டினம் உணரிகளைத் தாங்கியில் துளையிட்டு, ‘ஏபியசான் என்’ (Apiezon N) எனும் பசையைத் தடவிச் செருக வேண்டும். மேற்பரப்பில் வைத்து நாடாவால் ஒட்டினால் நூறு மில்லிகெல்வின் வேறுபாடுகூட எளிதில் வரும்.

கட்டுப்பாட்டு வளையத்தைப் பொறுத்தவரை, தானியங்கி இசைவு வசதி தொடக்கத்துக்கு உதவும். இலக்குக்கு அருகில் நிலைபெற்ற பிறகு தொடங்கினால் நியாயமான எண்களைக் கொடுக்கும். ஒரு நேரத்தில் ஒரு வளையத்தை மட்டுமே இசைக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கையால் மாற்றுவோர் முதலில் தடுமாறும் இடம், தொகுப்பைக் குறிக்கும் ‘ஐ’ என்ற எண்ணின் பொருள்: அது நொடிக் கணக்கு அன்று, ஆயிரத்தை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதே தொகுப்பு நேரம். 20 என்று கொடுத்தால் 50 நொடி. எனவே நிறை மிகுந்த, மெதுவாக அசையும் தாங்கிக்குச் சிறிய எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், உள்ளுணர்வு சொல்வதற்கு நேர் எதிராக. இதைப் பயனர் கையேடு தெளிவாக விளக்குகிறது. ஆனால் முகப்பில் ஓர் அலகும் அச்சிடப்படாதது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

செம்பின் வெப்பக் கொள்ளளவு 300 கெல்வினிலிருந்து 77 கெல்வினுக்கு வரும்போது ஏறக்குறையப் பாதியாகவும், 4 கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழாகவும் சுருங்கிவிடுகிறது. ஒரு வெப்பநிலையில் பொருந்திய பிஐடி எண்கள் இன்னொன்றில் ஊசலாட்டத்தையே உண்டாக்கும். இதற்காகப் பத்து வெப்பநிலை மண்டலங்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, மண்டலம் மாறும்போது எண்களும் ஹீட்டர் வரம்பும் தாமாகவே மாறும் வசதி தந்திருக்கிறார்கள். ஒரே வெப்பநிலையில் ஆண்டு முழுவதும் நிற்கும் கேமராவுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது, சோதனைக் கிரையோஸ்டாட் வைத்திருப்போருக்கு மிகவும் உதவும்.

மூடிய சுழற்சிக் குளிரூட்டி பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் கிஃபோர்ட்-மக்மகான் வகைக் குளிர்த்தலை ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை துடிக்கும், அதன் முனையின் வெப்பநிலையும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். இந்த அலையைப் பெட்டியின் வேகத்தால் துரத்திப் பிடித்துவிடலாம் என்று பிஐடியின் விகித எண்ணை ஏற்றிக்கொண்டே போவோர் உண்டு. கிடைப்பது பெரிய அலைதான். குளிர்த்தலைக்கும் டிடெக்டர் தாங்கிக்கும் இடையிலுள்ள வெப்ப இணைப்பை வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்தி, தாங்கியின் நிறையைக் கொஞ்சம் கூட்டினால், அந்த அலை தாங்கிக்கு வந்து சேரும் முன்பே தேய்ந்துவிடும். மிச்சமிருக்கும் மெதுவான நகர்வை மட்டுமே கட்டுப்படுத்தியிடம் விட வேண்டும்.

பாதுகாப்பில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒரு வெப்பநிலை உச்சவரம்பு வைக்கலாம். அதைத் தாண்டினால் எல்லா ஹீட்டர்களும் நின்றுவிடும். விலைமதிப்பற்ற டிடெக்டரும் 100 வாட் கொடுக்கும் வெளியீடும் ஒரே கம்பித் தொகுப்பில் இருக்கும்போது, இதைப் பூச்சியத்திலேயே (அதாவது வரம்பே இல்லாமல்) விட்டுவைப்பது பொறுப்பின்மை. மற்றது, மின்வெட்டுக்குப் பிறகு ஹீட்டர் தானாக மறுபடி இயங்க வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் அமைப்பு. மலை உச்சியில் ஆளில்லாமல் இயங்கும் கருவிக்கு முதல் தேர்வும், ஆய்வகத்தில் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கும் கருவிக்கு இரண்டாவது தேர்வும் பொருந்தும். இலக்கை நிமிடத்துக்கு 0.1 கெல்வினிலிருந்து 100 கெல்வின் வரையிலான வேகத்தில் படிப்படியாக நகர்த்தும் வசதியும் இருக்கிறது. டிடெக்டரை மெதுவாகச் சூடாக்க இது இன்றியமையாதது. ஆனால் குளிர்விக்கும் போது ஹீட்டர்தான் வேகத்தடை, ஆகவே குளிரூட்டியின் வலிமையை வெல்லும் அளவுக்கு ஹீட்டர் திறன் இருந்தால் மட்டுமே குளிர்ச்சியின் வேகமும் கட்டுக்குள் இருக்கும்.

கணினி இணைப்புக்கு ஈதர்நெட், யூஎஸ்பி, ஜிபிஐபி மூன்றும் இருக்கின்றன. ஈதர்நெட்டில் 7777 என்ற போர்ட்டில் எளிய எழுத்துக் கட்டளைகளை அனுப்பினால் பதில் வந்துவிடும். பைத்தானில் இருபது வரிக்குள் பதிவு நிரல் எழுதிவிடலாம். கடவுச்சொல் போன்ற காவல் எதுவும் அந்தப் போர்ட்டில் இல்லாததால், இதைத் தொலைநோக்கியின் தனி வலையமைப்புக்குள் மட்டுமே வைப்பது அறிவுடைமை. நீண்டகாலப் பதிவுக்குக் கணினிதான் வழி, பெட்டி தன்னளவில் வரைபடம் காட்டுவதில்லை. ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் நிறுவனத்தின் சிடிசி100 தொடுதிரையிலேயே வரைபடம் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திரை முந்தைய தலைமுறையைச் சேர்ந்ததாகத் தோன்றும்.

குறைகளில் முக்கியமானது வெளியீடுகளின் எண்ணிக்கை. நான்கு வெளியீடுகள் என்று எழுதியிருந்தாலும், பிஐடி முறையில் உணரியைப் பின்தொடர்ந்து ஹீட்டரை இயக்குபவை முதல் இரண்டு மட்டுமே. மூன்றாவதும் நான்காவதும் ±10 வோல்ட் வரை கொடுக்கும், ஒரு வாட் திறன் கொண்ட துணை வெளியீடுகள். டிடெக்டர், ஒளியியல் மேடை, உள் கவசம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கட்டுப்படுத்த விரும்பும் நிறமாலைமானிக்கு ஒரு பெட்டி போதாது. உள்ளீடுகளைக் கூட்டும் துணை அட்டை கிடைக்கிறது. ஆனால் அதில் சேரும் உணரிகளைச் சுற்றி வந்து படிப்பதால் வேகம் குறையும், கண்காணிப்புக்கு மட்டும் அது போதும். வெறும் கண்காணிப்புதான் தேவை என்றால் எட்டு உள்ளீடுகள் கொண்ட மாடல் 218 அல்லது பன்னிரண்டு உள்ளீடுகள் கொண்ட 224 சிக்கனமானவை. ஒரே டிடெக்டர், ஒரே ஹீட்டர் என்றால் இரண்டு உள்ளீடுகள் உள்ள 335 தாராளமாகப் போதும். 300 மில்லிகெல்வினுக்கும் கீழே இயங்கும் போலோமீட்டர் (கதிர்வீச்சு தரும் வெப்பத்தை அளக்கும் கருவி) வைத்திருப்போர் 350 அல்லது 372 பக்கம் போக வேண்டும்; அவர்களுக்கு இந்த மதிப்புரையில் பயன் குறைவு.

விலை சில லட்சம் ரூபாய், இறக்குமதி வரியும் காத்திருப்பும் தனி. நிதி ஒதுக்கீட்டுப் படிவத்தில் கட்டுப்படுத்திக்கு ஒரு வரியும் உணரிக்கு ஒரு வரியும் எழுதும்போது, உணரி வரியில் அளவுதிருத்தம் செய்த சிலிக்கான் டையோடு நான்கு என்று பழக்கத்தில் எழுதிவிட வேண்டாம். 77 கெல்வினை ஒட்டி நிற்கும் கருவிக்கு, டிடெக்டர் தாங்கிக்கென இரண்டு பிளாட்டினம் உணரிகளைக் கேளுங்கள்: ஒன்று கட்டுப்பாட்டுக்கு, மற்றது அந்தக் கட்டுப்பாடு உண்மையா என்று பார்ப்பதற்கு. அவற்றுக்கு அளவுதிருத்தச் சான்று அவசியமில்லை, ஏனெனில் டிடெக்டர் 77.0 கெல்வினில் இருக்கிறதா 77.2 கெல்வினில் இருக்கிறதா என்பதைவிட, நேற்றிருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி. மீதி இரண்டு உள்ளீடுகளுக்கு அளவுதிருத்தம் இல்லாத டையோடுகளே போதும். அந்த வகையில் மிச்சமாகும் பணத்தில், கவசமிட்ட முறுக்குக் கம்பிகளையும் நல்ல வெற்றிட மின் இணைப்பிகளையும் வாங்கிக்கொள்ளலாம்.